பின்வளவை நிரப்ப வேண்டாம், மகள்

குருக்கள்மடம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. தானே நடந்து கோயிலுக்குப் போய் வருகிறா.

பின்வளவுக்குக் கிரவல் கொட்டி நிரப்பி, ஆற்றோரமாக மதிலும் கட்டக் காசு அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாய். போன மாரியில் கிணற்றடி வரைக்கும் தண்ணீர் நின்ற படத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாய் போல. உன் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் வேண்டாம் மகள்.

உங்கள் சான் பிரான்சிஸ்கோக் குடாவில் கடல் நாளுக்கு இரண்டு தரம் ஏறி இறங்கும், பெரிய பெருக்கு நாளில் ஆள் உயரம் வரும் என்று சொன்னாய். நம்ம கடலில் வற்றுப்பெருக்கு கூடினால் இரண்டடி. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் முகத்துவாரத்தை மணல் மூடிவிடும். அப்புறம் பறுவம் வந்தாலும் அமாவாசை வந்தாலும் ஆற்றுக்கு ஒன்றும் தெரியாது. ஆறு என்று நாம் சொல்கிற இந்த மட்டக்களப்பு வாவியை ஏற்றுவது மழைதான். உன்னிச்சைக் குளமும் நவகிரிக் குளமும் வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீர், மேற்குக் கரையான படுவான்கரையின் வயல் தண்ணீர் எல்லாம் இங்கேதான் வந்து சேரும். 56 கிலோமீட்டர் நீளமான வாவிக்குக் கடலுக்குப் போக இரண்டே வாசல், பாலமீன்மடுவும் கல்லாறும். இரண்டிலும் மணல்.

அதனால்தான் ஒவ்வொரு மாரியிலும் முகத்துவாரம் வெட்டுகிற பேச்சு. பிந்தினால் படுவான்கரையில் நெல் அழுகும். முந்தினால் நல்ல தண்ணீர் ஓடி முடிந்து உப்பு ஏறும். வெட்டாமலும் விட முடியாது, இறால் குஞ்சு கடலில் இருந்து அந்த வழியாகத்தானே உள்ளே வர வேண்டும். சரியான நாளைப் பார்த்து வெட்டும் வரைக்கும் அவ்வளவு தண்ணீரும் எங்கேயாவது இருக்க வேண்டாமா? நம்ம பின்வளவு மாதிரிப் பள்ளங்களில்தான் இருக்கிறது.

நாலு வீடு தள்ளி ஒருவர் பள்ளக்காணியை நிரப்பி மதில் கட்டினார். அடுத்த மாரியில் அவருடைய வளவு காய்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டு ஆச்சியின் குசினிக்குள் ஒன்பது நாள் தண்ணீர். அடுப்பைத் திண்ணையில் வைத்துத்தான் சமைத்தா. நாமும் நிரப்பினால் நம்ம தண்ணீர் மாமி வீட்டுக்குப் போகும். அந்த முகத்தை நான் தினமும் பார்க்க வேண்டும்.

மதில் கட்டுவதென்றால் கரையில் நிற்கிற கண்ணா (அலையாத்தி) மரங்களையும் வெட்ட வேண்டும். சின்ன வயதில் அதன் மூச்சுவேர் காலில் குத்தி அழுதுகொண்டு வந்தாயே, மறுநாளும் அத்தாங்கு வலையை எடுத்துக்கொண்டு அங்கேதான் போனாய். இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஒளிந்து வளர்வது அந்த வேர்களுக்கு இடையில். இப்போது மாமியின் பேரன் அங்கே அத்தாங்கு போடுகிறான்.

1961 இல் மூன்று பெண்கள் சங்கம் தொடங்கி, உங்கள் குடாவை மண் போட்டு நிரப்ப விடமாட்டோம் என்று நின்றார்கள், 1965 இல் அதற்குச் சட்டமே வந்தது என்று நீதானே எனக்குச் சொன்னாய். ஆற்றைக் கடந்து அம்பிளாந்துறைக்குப் பாதையில் (மிதவைப் படகில்) போகும்போது அந்தக் கதையை எத்தனை பேருக்குச் சொன்னேன் தெரியுமா? என் மகள் சொன்னது என்றுதான் சொன்னேன்.

காசு அனுப்புவதென்றால் கிணற்றுக்கட்டை இரண்டடி உயர்த்தலாம். வெள்ளத் தண்ணீர் கிணற்றுக்குள் இறங்காமல் இருந்தால் எங்களுக்குப் போதும். மேசனிடம் பேசிவிட்டேன். ஐப்பசிக்கு முன்னம் முடித்துத் தருவாராம்.

அன்புடன்,
அப்பா