எல்இடி லைட்டுக்கு வேலூர் வெயிலையும் கணக்குல எடுங்க

ஆசிரியருக்கு வணக்கம். வேலூர்ல எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடை வச்சிருக்கேன். சித்திரை வெயில் ஆரம்பிச்சா போதும், எல்இடி லைட்டுக்குக் கரண்ட்டைச் சரிபண்ணிக் கொடுக்குற டிரைவர் போர்டா வந்து குவியுது, போன வாரம் ஒரு அம்மா கொண்டுவந்ததைப் பிரிச்சுப் பாத்தா கரண்ட்டைச் சேத்து வச்சு விடுற கெப்பாசிட்டர் தலை உப்பி, பக்கத்துல போர்டு காபிப்பொடி கலர்ல கருகிக் கெடக்கு, ஏன்னா கரண்ட்டை வேகமா ஆன் ஆஃப் பண்ணி சூடாகுற மாஸ்ஃபெட்டுங்கற பார்ட்டை அதுக்கு ஒட்டியே வச்சிருக்காங்க. ஒரு விரக்கடை தள்ளி வச்சிருந்தா இன்னும் ரொம்ப நாள் ஓடியிருக்கும்.

தலை உப்பின இந்த எலக்ட்ரோலைட்டிக் ரக கெப்பாசிட்டருக்கு 10 டிகிரி சூடு ஏறினா ஆயுசு பாதின்னு ஒரு கணக்கு. 105 டிகிரில 2000 மணி நேரம்னா, 85ல 8000, 65ல 32000 மணி நேரம் வரும், எவ்வளவு வித்தியாசம் பாருங்க!

எந்த இடம் எவ்வளவு சூடாகும்ங்கறதை போர்டு செய்யறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர்ல பாத்துடலாம். ஃபுளோதெர்ம், ஐஸ்பேக் மாதிரி சாஃப்ட்வேர்ல எந்த பார்ட் எத்தனை வாட் சூடு விடுது, போர்டுல காப்பர் எவ்வளவு, டப்பாக்குள்ள காத்து எப்படிப் போகுதுன்னு கொடுத்தா, கொதிக்கிற இடத்தைச் செவப்பாக் காட்டிடும். ஆனா வெளிச்சூடு 25 டிகிரின்னு ஏசி ரூம் கணக்குல போட்டா எங்க ஊருக்கு ஆகாது, மே மாசம் இங்க 40 தாண்டும், ஃபால்ஸ் சீலிங் மேல இன்னும் ஜாஸ்தி. கம்பெனிக்காரங்க 50 டிகிரி வச்சு ஓட்டிப் பாக்கணும், அப்புறம் தெர்மோகப்பிள்ங்கற சூடு அளக்குற கம்பியை ஒட்டி நிஜமாவும் அளக்கணும், எத்தனை டிகிரிக்கு டிசைன் பண்ணதுன்னு பெட்டி மேலயே அச்சடிக்கணும்னு உங்க பேப்பர் மூலமா கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
ரிப்பேர் கடைக்காரர், வேலூர்