அந்த ஒரு சக்கரத்தை வார்த்துக் கொடு, கண்ணு

அன்புள்ள கண்ணுவுக்கு,

அத்தை எழுதுகிறேன். போன வாரம் இரும்பு வார்க்கும் நம் பவுண்டரிக்கு வந்தபோது பெரும்பாவூரிலிருந்து வந்திருந்த கடிதத்தை உன் மேசையில் பார்த்தேன். ரப்பர் மரம் அறுக்கும் மில். அவர்களுடைய பேண்ட் சா என்னும் நாடா ரம்ப இயந்திரத்தின் மேல் சக்கரம் விரிசல் விட்டிருக்கிறது. அதே 42 அங்குல அளவில் ஒரே ஒரு சக்கரம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். சக்கரத்தில் புடைத்து நிற்கும் நம் பவுண்டரியின் எழுத்துகளைப் படம் எடுத்தும் அனுப்பியிருக்கிறார்கள். ஓரத்தில் நீ பென்சிலால் ‘இயலாது’ என்று எழுதியிருந்தாய்.

ஆட்கள் முன்னால் எதுவும் சொல்ல வேண்டாம் என்று வந்துவிட்டேன். ஆனால் இரண்டு இரவுகளாகத் தூக்கம் பிடிக்கவில்லை. இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. நம் கோயம்புத்தூரின் கணபதியிலும் பீளமேட்டிலும் ஆவாரம்பாளையத்திலும் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் பலர். அவர்கள் மேசையிலும் இப்படிக் கடிதங்கள் கிடக்கும்.

உன் தாத்தாவுக்கு, நம் அப்பாருவுக்கு, இரும்பு குலத்தொழில் அல்ல. சோளமும் பருத்தியும் விளைந்த காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர். 1932-ல் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகுதான் கோயம்புத்தூரின் முகம் மாறியது. நூல் மில்கள் பெருகின. கிணறுகளில் மாடு பூட்டி நீர் இறைத்த கவலை போய் பம்பு வந்தது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின் மோட்டாரை இந்த ஊரிலேயே செய்து காட்டினார்கள். 1926-லேயே தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழிற்கூடத்தில் வேலை பழகியவர்கள் வெளியே வந்து ஆளுக்கொரு பட்டறை போட்டார்கள். அப்படி ஒருவரிடம் மணல் சலிக்கும் வேலைக்குப் போய்ச் சேர்ந்தவர்தான் உன் அப்பாரு. சுதந்திரம் வந்த சமயத்தில் சொந்தமாக இரும்பு உருக்கும் குப்போலா உலை வைத்தார். பத்ராவதியிலிருந்து இரும்புக் கட்டி, ஜாரியாவிலிருந்து கோக் கரி, இரண்டும் ரயிலில் வரும். வேகன் வரத் தாமதமானால் வீட்டில் யாரும் அவரிடம் பேச மாட்டோம்.

எல்லோரும் பம்பு வார்த்துக்கொண்டிருந்தபோது அவர் மர அறுவை இயந்திரத்துக்குப் போனதற்குக் கல்லாய் என்ற ஊர் காரணம். நிலம்பூர் தேக்கு சாலியாற்றில் மிதந்து கோழிக்கோட்டுக் கல்லாய்க் கரைக்கு வந்து சேரும். ஆற்றுத் தண்ணீரே தெரியாத அளவுக்கு மரம் கிடக்கும் என்பார். கரை நெடுக அறுவை மில்கள். அங்கே இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் தாமஸ் ராபின்சன் குடும்பத்தார் செய்த பேண்ட் சா ஒன்றைப் பார்த்தார். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி முடிவில்லாத நாடாவைப் போல ஓடும் ரம்பம். வட்ட ரம்பத்தைவிட இதன் தகடு மெல்லியது; அதனால் தூளாகப் போகும் மரம் குறைவு. தேக்குக்குச் சொல்லும் விலையை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய லாபம் என்பது புரியும். உதிரி பாகத்துக்குக் கப்பலை எதிர்பார்த்து மில்கள் மாதக்கணக்கில் நின்றுகிடந்தன. இதை நாமே வார்க்கலாம் என்று முடிவு செய்துகொண்டு ஊர் திரும்பினார்.

முதல் சக்கரம் வெடித்தது. பம்பு வீட்டுக் கப்பி மாதிரிதானே என்று நேரான ஆறு ஆரக்கால் வைத்து வார்த்திருக்கிறார். ஊற்றி முடித்து எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, நள்ளிரவில் மணி அடித்ததைப் போல ஒரே சத்தம். காலையில் மணல் அச்சுப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் ஒரு ஆரக்கால் நடுக் குடத்தோடு சேரும் இடத்தில் துண்டாகிக் கிடந்தது. இரண்டாவதும் அப்படியே.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் மாட்டுவண்டிச் சக்கரம் செய்துகொண்டிருந்த ஓர் ஆசாரி. மணலில் அச்சுப் பதிக்கும் மர மாதிரியை, பேட்டர்னை, நமக்குச் செய்ய வந்தவர். கல்லாய்க்குக் கூட்டிப் போய்ச் சக்கரத்தைக் காட்டியபோது அவர் கண்ணில் முதலில் பட்டது ஆரக்காலின் வளைவு. அழகுக்காக வளைத்திருக்கிறான் என்று அப்பாரு நினைத்திருந்தார். அப்படி அல்ல. வட்டை, அதாவது விளிம்பு, மெல்லியது, முதலில் ஆறி இறுகிவிடும். குடம் கனமானது, கடைசியில்தான் ஆறும். ஆறும்போது சுருங்கி ஆரக்கால்களை உள்ளே இழுக்கும். நேரான ஆரக்காலுக்கு இடம்கொடுக்கத் தெரியாது, அறுந்துவிடும். வளைந்தது கொஞ்சம் நிமிர்ந்து கொடுத்துப் பிழைத்துக்கொள்ளும். அந்த ஆசாரி தேக்கில் செய்த வளைந்த ஆரக்கால் பேட்டர்ன்தான் இன்றைக்கும் நம்மிடம் இருப்பது. வார்ப்பிரும்பு அடிக்கு அரைக்கால் (1/8) அங்குலம் சுருங்கும் என்பதால் சக்கரத்தைவிடப் பேட்டர்ன் ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் பெரிது. அளந்து பார், அவர் கை சுத்தம் தெரியும்.

நான் கணக்கு எழுத வந்தபோது எனக்கு 19 வயது. கொல்லையில் பத்துப் பதினைந்து சக்கரங்கள் மழையில் துருப்பிடித்துக் கிடக்கும். இத்தனை பணம் இப்படி முடங்கிக் கிடக்கிறதே என்று அப்பாருவிடம் கேட்டேன். இரும்புக்குள் இருக்கும் இறுக்கம் வெயிலிலும் மழையிலும் தணிய வேண்டும், அதற்கு முன் கடைசலுக்கு ஏற்றினால் பிறகு கோணிக்கொள்ளும் என்றார். அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு 500 சுற்று சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஓர் ஆள் கைநீட்டும் தூரத்தில் நிற்கிறான். அந்த ஆளை நினைத்துத்தான் அவர் பணத்தை மழையில் போட்டு வைத்தார். கடைந்த பிறகும் விட மாட்டார். அச்சில் கோத்து இரண்டு கத்தி விளிம்புகள்மேல் வைத்துவிட்டு விலகி நிற்பார். கனமான பக்கம் மெல்லக் கீழே வரும். அங்கே கொஞ்சம் குடைந்து எடுப்பார். எப்படித் திருப்பி வைத்தாலும் அசையாமல் நின்ற பிறகுதான் சீட்டில் கையெழுத்துப் போடுவார்.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். 1995-ல் நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவு இந்தியா முழுவதையும் பிடித்தது. மத்திய அரசின் ஒப்புதல் இல்லாமல் காட்டுக்குள் அறுவை மில் ஓடக்கூடாது. 2002-ல் உரிமம் இல்லாத மில்களை உடனே மூடச் சொன்னார்கள். புது மில்லுக்கு உச்ச நீதிமன்றம் அமைத்த மத்திய அதிகாரக் குழுவின் முன் அனுமதி வேண்டும் என்றானது. நம் ஆர்டர் புத்தகத்தில் பக்கங்கள் வெறுமையாயின. உன் அப்பா அந்த உத்தரவை ஒருநாளும் திட்டியதில்லை. நானும் திட்ட மாட்டேன். பத்ராவதி உலை எரிந்ததே காட்டு மரக்கரியில்தான். காட்டை எரித்து இரும்பு, அந்த இரும்பில் மறுபடி காட்டை அறுக்க இயந்திரம். கூடலூர் மலைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தடை நியாயம் என்பது தெரியும்.

உன் அப்பா பம்புக்கும் வால்வுக்கும் மாறினார், மின் உலை வாங்கினார், மின்வெட்டுக் காலத்தில் கடனோடு அதைக் காப்பாற்றினார். நீ அதைப் பெருக்கியிருக்கிறாய். எனக்கு அதில் பெருமை உண்டு.

ஆனால் அந்த மில் அறுப்பது காட்டு மரம் அல்ல. பால் வற்றி, மறுநடவுக்காக வெட்டிய தோட்டத்து ரப்பர் மரம். அந்தச் சக்கரத்தில் இருப்பது நம் எழுத்து. விரிசலை ஒட்டவைத்து ஓட்டுவோம் என்று அவர்கள் துணிந்துவிட்டால், பக்கத்தில் நிற்கும் ஆளுக்கு நாம் என்ன பதில் சொல்வது? ஒற்றைச் சக்கரத்துக்குப் பெட்டி கட்டி மணல் இடித்தால் கூலிகூடத் தேறாது என்பாய். கணக்கு எழுதியவள் நான், எனக்கும் தெரியும். நஷ்டம் எவ்வளவு என்று சொல், என் பங்கில் கழித்துக்கொள்.

பேட்டர்ன் பழைய குப்போலாக் கொட்டகையின் பரண்மேல் சாக்கில் சுற்றி இருக்கிறது. நடுத் துளைக்கான மணல் அச்சைச் செய்யும் கோர் பெட்டி அதனுடன் இல்லை, என் வீட்டில் இருக்கிறது, கொண்டு வருகிறேன். மூன்றாவது ஆரக்காலின் அடியில் மூலை தேய்ந்திருக்கும். மெழுகு வைத்து உருட்டிக்கொள்ளச் சொல். ஊற்றிய மறுநாள் அவசரப்பட்டுப் பெட்டியைப் பிரிக்க வேண்டாம், முழுக்க ஆறட்டும். மழையில் போட்டுவைக்க இப்போது நேரம் இல்லை. உன் சூட்டு உலையில் 550 டிகிரியில் சில மணி நேரம் வைத்து, உலைக்குள்ளேயே மெல்ல ஆறவிட்டால் அதே பலன் கிடைக்கும்.

அச்சின் விட்டம் அவர்கள் அனுப்பிய படத்தில் தெரியவில்லை. முதலில் அதைக் கேட்டு எழுது.

உன் அத்தை