புகார்: பழுது பார்க்கக் கொடுத்த பேச்சுக் கருவியைக் காலியாக்கித் திருப்பி அனுப்பியது

பெறுநர்:
தலைவர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
நகல்: நிர்வாக இயக்குநர்

திருநெல்வேலி
5.5.2025

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும், நான் அனுப்பிய அதே நிமிடத்தில் "உங்கள் கோரிக்கை எங்களுக்கு முக்கியம்" என்று பதில் வந்தது. இதையாவது ஒரு மனிதர் படிப்பார் என்று நம்புகிறேன்.

நான் இங்கே ஒரு பேச்சுப் பயிற்சி மையம் நடத்துகிறேன். 2022 ஆகஸ்டில் உங்களிடம் 1,85,000 ரூபாய் கொடுத்து, திரையில் ஒரு கட்டத்தைத் தொட்டால் அதிலுள்ள சொல்லைக் குரலில் சொல்லும் பேச்சுக் கருவி ஒன்று வாங்கினேன். அதைப் பயன்படுத்துவது 19 வயதுப் பையன். மூளை முடக்குவாதம் உள்ளவன். பேச்சு வராது, கைகள் தன் போக்கில் துள்ளும், ஆனால் காது கூர்மை, புத்தி அதைவிடக் கூர்மை. பில் என் மையத்தின் பெயரில் இருக்கிறது. கணக்கை மட்டும் பயன்படுத்துபவர் பெயரில்தான் திறக்க வேண்டும் என்று சொன்னது உங்கள் விற்பனையாளர்.

நடந்ததை வரிசையாக எழுதத்தான் நினைத்தேன். ஆனால் ஏப்ரல் 9ஆம் தேதி நடந்ததைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை.

அன்று 40 நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு உங்கள் ஊழியர் ஒருவர் லைனில் வந்தார். கருவியில் நாங்கள் ஏற்றி வைத்திருந்த சொற்களின் காப்பு நகல் உங்கள் சர்வரில் இருக்கிறது, அதைத் திறந்து விடுங்கள் என்றேன். "அக்கவுண்ட் ஹோல்டர் லைன்ல வந்து பேரும் பிறந்த தேதியும் சொல்லணும் மேடம்" என்றார். அவனால் பேச முடியாது என்றேன். "அப்ப எப்படி அவர் பேர்ல ரிஜிஸ்டர் பண்ணீங்க?" என்றார். நீங்கள் விற்பதே பேச முடியாதவர்களுக்கான கருவிதானே தம்பி என்று கேட்டேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது மேடம், ப்ரொசீஜர். ஒரு ஹலோவாவது சொல்லச் சொல்லுங்க."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. பையன் பக்கத்தில் இருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்தது. நான் தடுப்பதற்குள் கழுத்தை முன்னால் நீட்டி, உடம்பெல்லாம் முறுக்கி, "ஆ" என்று ஒரு சத்தம் எழுப்பினான். அவனால் முடிந்த ஹலோ அது. "வாய்ஸ் க்ளியரா இல்ல மேடம்" என்று உங்கள் ஊழியர் லைனைத் துண்டித்துவிட்டார்.

அந்தக் குரல் பதிவு உங்களிடம் இருக்கும். "தரத்திற்காகப் பதிவு செய்யப்படுகிறது" என்று நீங்களே சொல்கிறீர்கள். தயவுசெய்து அதை உங்கள் அறையில் எல்லோரும் கேட்கும்படி ஒருமுறை போட்டுக் கேளுங்கள்.

சரி, முதலில் இருந்து வருகிறேன். பிப்ரவரியில் சார்ஜ் போடும் பின் ஆட ஆரம்பித்தது. அவ்வளவுதான் கோளாறு. எங்கள் ஊர் செல்போன் கடையில் 300 ரூபாய்க்குச் செய்வார்கள். வாரண்டி போய்விடுமே என்று உங்களிடம் கேட்டேன். பேட்டரி உள்ள கருவியைக் கூரியரில் வாங்க மாட்டோம், பயன்படுத்துபவரையும் அழைத்துக்கொண்டு நேரில்தான் வர வேண்டும், சனிக்கிழமையும் திறந்திருக்கும் என்றார்கள். மார்ச் 7 இரவு சென்னைக்கு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினோம். பையன், அவன் அம்மா, நான், சக்கர நாற்காலி. 600 கிலோமீட்டருக்கு மேல். உங்கள் சர்வீஸ் சென்டர் இரண்டாவது மாடியில். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்குக் கருவி விற்கும் நிறுவனம்! ஆட்டோக்காரரும் வாட்ச்மேனும் அவனைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். மேலே போனால், "இன்னைக்கு ரெண்டாவது சனிக்கிழமை, இன்ஜினியர் வரமாட்டார், நீங்க கூரியர்ல அனுப்பியிருக்கலாமே" என்றார் முன்னால் இருந்த பெண். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பாவம், தண்ணீராவது கொடுத்தார்.

கருவியை வைத்துவிட்டு வந்தோம். மாற்றுக் கருவி எதுவும் தரவில்லை. 19 நாள் கழித்து, கூரியரில் வாங்கவே மாட்டோம் என்ற அதே கருவி கூரியரில் வந்து சேர்ந்தது. உள்ளே ஒரு சீட்டு: "சாதனம் நன்றாக இயங்குகிறது." திறந்து பார்த்தால் கடையில் வாங்கிய அன்று இருந்ததுபோல் காலி. பின் மாற்ற எதற்கு உள்ளே இருப்பதை எல்லாம் துடைக்க வேண்டும்?

உங்கள் கருவியைப் பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் எடுக்கிறேன், மன்னிக்கவும். அதில் 1,400 சொற்களுக்கு மேல் ஏற்றி வைத்திருந்தோம். வேணும், வேண்டாம், போதும், இன்னும் எல்லாம் முதல் பக்கத்தில். அப்புறம் சொதி, கூட்டாஞ்சோறு, ஆச்சி, சின்னத்தை, ஏழு நண்பர்களின் பட்டப்பெயர்கள். கெட்ட வார்த்தை ஒன்றும் இருந்தது. அவன் கேட்டான், போட்டேன், 19 வயதுப் பையனுக்கு அதற்கும் உரிமை இருக்கிறது. "ஏல" என்பதை உங்கள் தமிழ்க் குரல் ஒழுங்காகச் சொல்லவில்லை என்று எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டு ஒரு சாயங்காலம் முழுக்கச் செலவழித்திருக்கிறோம். இப்போது அந்தப் பக்கத்தில் பீட்சா இருக்கிறது, பர்கர் இருக்கிறது. இட்லி இல்லை.

சொற்களை மறுபடி ஏற்றலாமே என்றார் இன்னொரு ஊழியர். அவன் படத்தைப் பார்த்து அழுத்துவதில்லை ஐயா. டைப் அடிப்பவர் எழுத்தைத் தேடுவாரா? "வேணும்" எங்கே என்பது அவன் விரலுக்குத் தெரியும். இரண்டரை வருடத்தில், நாளுக்கு நூறு தடவை தப்பாக அழுத்தி அழுத்திக் கை கற்ற இடம் அது. அவன் திரையில் 60 கட்டங்கள். துள்ளும் விரல் பக்கத்துக் கட்டத்தில் படாமலிருக்க அதன் மேல் 60 ஓட்டை போட்ட கீகார்டு, அதற்கும் தனியாக 4,200 ரூபாய் வாங்கினீர்கள். நீங்கள் திருப்பி அனுப்பியதில் 40 கட்டங்கள். ஓட்டைகள் கோடுகளின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. குரலும் மாறிவிட்டது, அவன் தேர்ந்தெடுத்த ஆண் குரல் போய், நடுத்தர வயதுப் பெண் பேசுகிறார். உங்கள் விளம்பரக் கையேட்டின் முதல் பக்கத்தில் ஸ்டீஃபன் ஹாக்கிங் படம் போட்டிருக்கிறீர்களே, இன்னும் நல்ல குரல்கள் வந்த பிறகும் அவர் 1980களில் கிடைத்த அந்த இயந்திரக் குரலை விடவில்லை. அது தன் குரல் என்றார். எங்கள் பையனுக்கும் அப்படித்தான். இரண்டரை வருடப் பேச்சை, ஒரு மனுஷனின் நாக்கை, நீங்கள் அறுத்து எடுத்துவிட்டீர்கள் என்றுதான் சொல்வேன்.

சித்திரையில் அவன் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையைக் கிண்டல் செய்ய ஆறு வரி தயார் செய்து வைத்திருந்தான், அதில் ஒன்று எனக்கே காட்டாமல். மண்டபத்தில் நான் செய்து கொடுத்த அட்டைப் பலகையோடு உட்கார்ந்திருந்தான். ஒரு தடவைகூட அதைத் தொடவில்லை. வந்தவர்கள் அவனிடம் பேசாமல் அவன் அம்மாவிடம், "சாப்பிட்டானா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

உங்களோடு சண்டை போட எனக்கு ஆசை இல்லை. உங்கள் கருவி நல்ல கருவி, இன்னும் நான்கு குடும்பங்களுக்கு அதைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஏழு நாளைக்குள் காப்பு நகலைத் திறந்து, பழைய 60 கட்டத் திரையோடும் அவன் குரலோடும் தர வேண்டும். அவனுடைய யு.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டை நகலும் கைரேகை வைத்த கடிதமும் இணைத்திருக்கிறேன். சென்னைப் பயணச் செலவு 11,400 ரூபாய். மன உளைச்சலுக்கு 5 லட்சம் கேட்கிறேன், அதுவே குறைவு. மன்னிப்பை எனக்கு எழுத வேண்டாம், அவனுக்கு எழுதுங்கள்.

இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சத்துக்குள் விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை, நானே பேசுவேன். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும் நகல் போகும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். தொடர்பு என்றால் என்ன என்று விளக்கும் இடத்திலேயே வாய்ப்பேச்சுக்குப் பதிலான இந்த மாற்று வழிகளையும் சேர்த்திருக்கிறார்கள். உங்கள் குரல் சரிபார்ப்பு எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவும்.

காலை 10 முதல் 1 வரை எனக்குப் பயிற்சி வகுப்புகள். அதன் பிறகு எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம். ஏப்ரல் 9 அன்று பேசியவர் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
பேச்சுப் பயிற்சியாளர்

இணைப்பு: பில் நகல், சர்வீஸ் ரசீது, கூரியரில் வந்த சீட்டு, ரயில் டிக்கெட்டுகள், யு.டி.ஐ.டி. அட்டை நகல், கைரேகைக் கடிதம், கீகார்டு பொருந்தாத திரையின் புகைப்படம் 2.