மின்னஞ்சல் இணைப்புகள் அனுப்புபவரின் பெயரிலேயே அமையட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணைய மோசடி பற்றிய செய்திகளை வெளியிடும்போதெல்லாம், மின்னஞ்சலில் வரும் இணைப்பைத் தொடுவதற்கு முன் அது எந்த முகவரிக்குச் செல்கிறது என்று பார்க்குமாறு தங்கள் நாளிதழ் வாசகர்களுக்கு நினைவூட்டி வருகிறது. அது மிகச் சரியான அறிவுரை. ஆனால், அதன்படி நடக்கும் ஒருவர், தாம் கணக்கு வைத்திருக்கும் நிதி நிறுவனமோ தம் பிள்ளை படிக்கும் கல்லூரியோ உண்மையாகவே அனுப்பிய மடலில் உள்ள இணைப்பைச் சோதித்துப் பார்த்தால், பல நேரங்களில் அந்த நிறுவனத்தின் பெயரே அங்கு இருப்பதில்லை. எழுத்தும் எண்ணும் கலந்த, கேள்விப்பட்டிராத ஒரு முகவரிதான் தெரிகிறது. அதை நம்பித் தொடுபவர் அடுத்த முறை மோசடி மடலையும் அவ்வாறே நம்புவார். தொடாதவர் கட்டணம் செலுத்தும் கெடுவைத் தவறவிடுவார். இந்த இக்கட்டை உருவாக்குபவை மடல் அனுப்பும் நிறுவனங்களே. அவை மனம் வைத்தால் ஒரே நாளில் தீர்க்கக்கூடிய குறை இது என்பதால் எழுதுகிறேன்.

ஆயிரக்கணக்கானோருக்கு மடல் அனுப்பும் நிறுவனங்கள் அதற்கென உள்ள சேவைகளை நாடுகின்றன. யார் எந்த இணைப்பைத் தொட்டார்கள் என்று கணக்கிடுவதற்காக, அச்சேவை மடலில் உள்ள ஒவ்வோர் இணைப்பையும் தன் சொந்த டொமைனுக்கு (இணைய முகவரியின் அடிப்படைப் பெயருக்கு) மாற்றி எழுதிவிடுகிறது. இணைப்பைத் தொடுபவர் முதலில் அந்தச் சேவையின் சர்வருக்குச் சென்று, அங்கே பதிவான பிறகே உரிய பக்கத்துக்குத் திருப்பிவிடப்படுகிறார். அந்த டொமைனை அச்சேவையின் எல்லா வாடிக்கையாளர்களும் பகிர்ந்துகொள்வதில் இன்னொரு கேடும் உண்டு. குப்பை மடல்களைத் தடுக்க அஞ்சல் சேவைகள் பயன்படுத்தும் ஸ்பாம்ஹவுஸின் டிபிஎல், எஸ்யுஆர்பிஎல் போன்ற கறுப்புப் பட்டியல்கள் மடலுக்குள் இருக்கும் இணைப்புகளின் டொமைனையும் கவனிப்பவை. எங்கோ ஒருவர் குப்பை மடல் அனுப்பி அந்தப் பொது டொமைனைப் பட்டியலில் ஏற்றிவிட்டால், எந்தத் தவறும் செய்யாத கல்லூரியின் தேர்வு அறிவிப்பும் ஸ்பேம் பெட்டிக்குப் போய்விடும்.

இதற்கான தீர்வு, இவ்வாறு தொடுகைகளை எண்ணும் கண்காணிப்பு இணைப்புகளுக்கென்று நிறுவனம் தன் சொந்த டொமைனின் கீழ் ஒரு துணை டொமைனை ஒதுக்குவதுதான். அமேசான் எஸ்இஎஸ், சென்ட்கிரிட், மெயில்கன் உள்ளிட்ட பல சேவைகள் இவ்வசதியை அளிக்கின்றன. நிறுவனத்தின் டொமைன் பெயருக்கு முன்னால் ‘லிங்க்’ என்பது போன்ற ஒரு சொல்லைச் சேர்த்து, டிஎன்எஸ் (டொமைன் பெயர் எந்தச் சர்வரைக் குறிக்கிறது என்று சொல்லும் பதிவேடு) நிர்வாகப் பக்கத்தில் அதற்கு ஒரு சிநேம் பதிவை, அதாவது ஒரு பெயரை இன்னொரு பெயருக்குச் சுட்டும் பதிவை இட்டு, சேவை தரும் முகவரியை அதில் குறிப்பிட்டால் போதும். சிநேம் இருக்கும் பெயரில் வேறு பதிவுகள் இருக்கக் கூடாது என்பது டிஎன்எஸ் விதி. ஆகவே இணையதளத்துக்கோ அஞ்சலுக்கோ ஏற்கெனவே பயன்படும் பெயரை விட்டு, புதிய பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பலர் இவ்வளவோடு வேலை முடிந்தது என்று நிறுத்திவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. புதிய துணை டொமைனுக்கு, பாதுகாப்பான இணைப்புக்குத் தேவையான எஸ்எஸ்எல் சான்றிதழ் இல்லாவிட்டால், இணைப்பைத் தொடுபவரின் திரையில் ‘இத்தளம் பாதுகாப்பற்றது’ என்ற எச்சரிக்கை எழும். முதன்மைத் தளம் தன் துணை டொமைன்கள் அனைத்துக்கும் பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே திறக்க வேண்டும் என்னும் எச்எஸ்டிஎஸ் கட்டுப்பாட்டை விதித்திருந்தால், அந்த எச்சரிக்கையைக் கடந்து செல்லும் வழியைக்கூட பிரவுசர் தராது. சில சேவைகள் சான்றிதழைத் தாமே பெற்றுத் தருகின்றன. மற்றவற்றில் அந்த ஏற்பாட்டை நாம்தான் செய்ய வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு சான்றிதழை இலவசமாகவே வழங்குவதால் செலவைக் காரணம் காட்ட இடமில்லை. டொமைனில், யார் சான்றிதழ் வழங்கலாம் என்று குறிப்பிடும் சிஏஏ பதிவு இருந்து, அதில் சான்றிதழ் வழங்கும் அமைப்பின் பெயர் இல்லையென்றால் விண்ணப்பம் மறுக்கப்படும் என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

வங்கிகள் இதில் முன்னோடியாக நிற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. போலித் தளங்களிலிருந்து மக்களைக் காப்பதற்காக, வங்கிகள் அனைத்தும் 2025 அக்டோபர் 31க்குள் ‘பேங்க்.இன்’ என்று முடியும் டொமைனுக்கு மாற வேண்டும் என ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. தளம் அந்த டொமைனிலும், மடலில் வரும் இணைப்பு யாரும் அறியாத வேறொரு டொமைனிலும் இருந்தால் அந்த நோக்கம் பாதிதான் நிறைவேறும். மொத்தமாக மடல் அனுப்புவோருக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஆகிய அனுப்புநர் சரிபார்ப்பு முறைகளை கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல் கட்டாயமாக்கியிருப்பதால் இது தேவையில்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். அவை மடலை அனுப்பியவர் யார் என்பதைத்தான் உறுதிசெய்கின்றன. உள்ளே இருக்கும் இணைப்பு எங்கே போகிறது என்பதைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை.

சொந்த டொமைனுக்கு மாறுவதால் கண்காணிப்பு குறைந்துவிடாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2021இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பால், மடலைத் திறந்தவர்களின் எண்ணிக்கை நம்பத்தகாததாகிவிட்டது. அதனால் நிறுவனங்கள் இணைப்புத் தொடுகைகளை எண்ணுவதில் கூடுதல் ஆர்வம் காட்டுகின்றன. விளம்பர மடல்களில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். கடவுச்சொல் மாற்றம், கட்டண ரசீது, தேர்வு முடிவு போன்ற மடல்களில் யார் தொட்டார்கள் என்று எண்ணுவதற்கு எந்தத் தேவையும் இல்லை; அவற்றில் கண்காணிப்பையே நிறுத்திவிட்டு நேரடி இணைப்பைத் தர வேண்டும்.

சேவையை மாற்றும் நிறுவனங்கள் பழைய சிநேம் பதிவை அன்றே நீக்கிவிடவும் வேண்டும். அந்தப் பதிவு சுட்டும், உரிமையாளரற்று நிற்கும் முகவரியைப் பிறர் கைப்பற்ற வாய்ப்பு உண்டு. அப்படிக் கைப்பற்றுபவர், நாம் மக்களை நம்பச் சொன்ன அதே பெயரில் மோசடிப் பக்கத்தை நடத்த முடியும். கல்லூரிகள், கூட்டுறவுச் சங்கங்கள், நிதி நிறுவனங்கள் ஆகியவற்றின் கணினிப் பிரிவினர் இந்த வாரமே தங்கள் டிஎன்எஸ் பதிவுகளைத் திறந்து, கைவிடப்பட்ட பெயர்கள் எவை என்று சரிபார்க்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மின்னஞ்சல் சேவைப் பணியில் உள்ள வாசகர்,
கோயம்புத்தூர்