மார்ச்சில் கோர்தோபா போகலாம், அப்பா

மாட்ரிட்

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

இங்கே நான் நலம். அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? டாக்டர் சொன்ன பயிற்சியைத் தினமும் செய்கிறாரா என்று அம்மா எனக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பயணத்தைப் பற்றிப் போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் யாராவது வாசலுக்கு வந்துவிடுகிறார்கள், பேச்சு நின்றுபோகிறது. அதனால் எழுதியே அனுப்புகிறேன். அப்பா வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படிக்கட்டும்.

அழைப்புக் கடிதத்துக்கு மனு கொடுத்துவிட்டேன். இங்கே சொந்தக்காரர் வீட்டில் தங்க வருகிறவர்களுக்கு அந்தக் கடிதத்தைக் காவல்துறைதான் தர வேண்டும். கைக்கு வந்ததும் அசலைக் கூரியரில் அனுப்புகிறேன், விசாவுக்கு அது வேண்டும். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் என்பது விதி. அதை நானே எடுத்துவிடுகிறேன், அம்மா செலவுக் கணக்குக் கேட்க வேண்டாம். சென்னையிலிருந்து மாட்ரிட்டுக்கு நேர் விமானம் கிடையாது. துபாயிலோ தோகாவிலோ மாற வேண்டியிருக்கும். டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலிக்குச் சொல்லிவிடுவேன். அப்பா மறுக்கக் கூடாது.

சரி, வெளியூர் எங்கே போவது என்பதுதான் பெரிய கேள்வி. ஆபீசில் யாரைக் கேட்டாலும் பார்சலோனா, கிரனாடா என்கிறார்கள். கிரனாடாவில் அல்ஹம்ப்ரா அரண்மனை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து முன்கூட்டியே டிக்கெட் எடுக்க வேண்டும். அதற்குள் இருக்கும் நாஸ்ரித் அரண்மனைகளுக்குள் சீட்டில் போட்டிருக்கும் நேரத்தில்தான் விடுவார்கள். குன்றின் மேல் இருக்கிற இடம், உள்ளேயும் நடை அதிகம். தொலேதோ மாட்ரிட்டுக்குப் பக்கத்தில்தான், ஆனால் அங்கே தெருவெல்லாம் ஏற்ற இறக்கம். தெற்கு ஸ்பெயினில் இருக்கும் கோர்தோபாவில் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் ஆற்றங்கரையை ஒட்டி, சமதரையில், ஒன்றுக்கொன்று பத்து நிமிட நடையில் இருக்கின்றன. நான் கோர்தோபா என்று முடிவு செய்ததற்கு முழங்கால் ஒரு காரணம். மற்றொன்று, பொதுப்பணித் துறையில் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்த அப்பா அந்த ஊரின் பெரிய மசூதியைத் தன் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்ற என் ஆசை.

மெஸ்கித்தா என்று அதைச் சொல்கிறார்கள். கட்டத் தொடங்கியவர் முதலாம் அப்துர் ரஹ்மான், டமாஸ்கஸை ஆண்ட உமையா வம்சத்து இளவரசர். 750-ல் போட்டி வம்சமான அப்பாசியர்கள் அந்தக் குடும்பத்தைக் கொன்று குவித்தபோது தப்பி ஓடி, வட ஆப்பிரிக்கா வழியாக இங்கே வந்து, 756-ல் கோர்தோபாவைப் பிடித்தார். ஊருக்கு வெளியே தனக்குக் கட்டிய மாளிகைக்கு, சிரியாவில் பாட்டனாருக்கு இருந்த அரண்மனையின் பெயரான ருசாபா என்பதையே வைத்தார். சொந்த ஊரைவிட்டு இவ்வளவு தூரம் வந்து வேலை பார்க்கிற எனக்கு, அவர் பெரிய அரசர் என்பதைவிட இந்தப் பெயர் விஷயம்தான் மனதில் நிற்கிறது.

அப்பா, இனி உங்களுக்காக. மசூதி கட்டுவதற்கு இடிந்து கிடந்த ரோமானியக் கட்டடங்கள், அவர்களுக்குப் பின் ஆண்ட விசிகோத்களின் கட்டடங்கள் ஆகியவற்றின் தூண்களை எடுத்து வந்தார்கள். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, தூண்தலைகளும் ஒன்றுபோல் இல்லை. அவ்வளவு பெரிய கூடத்துக்கு வேண்டிய உயரம் அந்தத் தூண்களில் கிடைக்காது. என்ன செய்தார்கள் தெரியுமா? தூணின் மேல் ஒரு கனத்த கல்தூணை ஏற்றி, வளைவை இரண்டு அடுக்காக வைத்தார்கள். கீழ் வளைவு குதிரை லாட வடிவம். அதன் மேல் பாரமே இல்லை, தூண்கள் பக்கவாட்டில் சாயாமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான் அதன் வேலை. மேல் வளைவுதான் கூரையைத் தாங்குகிறது. வளைவுகளில் சிவப்புச் செங்கல்லும் வெள்ளைக் கல்லும் மாறி மாறி வரும். மேலே சுவர் முதுகில் மழைநீர் ஓடுவதற்கு வாய்க்கால் விட்டிருக்கிறார்கள். மெரிதா என்ற ஊரில் நிற்கும் ரோமானியக் கால்வாய்ப் பாலத்தைப் பார்த்துத்தான் இந்த யோசனை பிறந்திருக்கும் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். இன்று அங்கே 856 தூண்கள் இருக்கின்றன. போன வருஷம் தோழிகளோடு போயிருந்தபோது எல்லோரும் போட்டோ எடுத்து முடித்து வெளியே போய்விட்டார்கள், எனக்கு மட்டும் நகர மனமில்லை. நீங்கள் அங்கே நின்றிருந்தால் பாரம் எந்த வழியாக இறங்குகிறது என்று கையை நீட்டிக் காட்டியிருப்பீர்கள்.

பின்னால் வந்தவர்கள் அதைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். கலீபா இரண்டாம் அல்ஹக்கம் காலத்தில், சுவரில் தொழுகைத் திசையைக் காட்டும் மாடத்தைச் சுற்றிப் பொன் மொசைக் பதித்தார்கள். அதற்குப் பைசாந்தியப் பேரரசர் மொசைக் சில்லுகளையும் கைவினைஞரையும் அனுப்பினார். 987 வாக்கில் முதலமைச்சராக இருந்த அல்மன்சூர் விரிவாக்கியபோது தெற்கே இடமில்லை, சரிவும் ஆறும் வந்துவிட்டன. கிழக்கே நீட்டினார்கள். அதனால்தான் அந்த மாடம் இப்போது கட்டடத்தின் நடுவில் இல்லை. அந்தக் கடைசிப் பகுதியில் வளைவுகளில் தெரியும் சிவப்பு செங்கல் இல்லை, கல்மேல் அடித்த வண்ணம். அப்பாவின் கண்ணுக்கு அது தப்பாது.

1236-ல் கிறிஸ்தவ அரசர் மூன்றாம் பெர்னாந்தோ ஊரைப் பிடித்ததும் மசூதி தேவாலயமாயிற்று. 1523-ல் தூண் காட்டின் நடுவே ஒரு பகுதியை இடித்துப் பெரிய கதீட்ரல் எழுப்பத் தொடங்கினார்கள். இதை ஊர் நகராட்சியே எதிர்த்தது. இடிக்கும் வேலைக்குப் போகிறவனுக்கு மரண தண்டனை என்று அறிவித்தார்கள். பேரரசர் ஐந்தாம் சார்லஸ் அனுமதி கொடுத்ததால் வேலை நடந்தது. அந்த நகராட்சிக்காரர்கள் கிறிஸ்தவர்கள். தங்கள் மதத்துக்கு உரியதல்லாத ஒரு கட்டடத்தை, அதன் வேலைப்பாட்டுக்காகவே காப்பாற்ற நின்றார்கள் என்பது எனக்கு மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது. கதீட்ரலும் நல்ல வேலைதான், ஆனால் அந்த இடத்தில் வந்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. நீங்கள் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இனி எந்த மாதம் போவது என்ற விஷயத்துக்கு வருகிறேன். மார்ச்சின் இரண்டாம் பாதிதான் நல்லது. ஜூலை, ஆகஸ்டில் அங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மே மாதம் வீட்டு முற்றங்களைப் பூந்தொட்டிகளால் நிறைத்து ஊருக்கே திறந்துவிடும் விழா நடக்கிறது. 2012-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அம்மா பார்த்தால் நகரவே மாட்டாள், ஆனால் அந்த வரிசைகளில் அப்பாவால் நிற்க முடியாது. ஈஸ்டருக்கு முந்தைய வாரத்தில் ஊர்வலங்களுக்காகத் தெருக்களை அடைத்துவிடுவார்கள், அறை வாடகையும் எக்கச்சக்கமாக ஏறும். மார்ச் கடைசியில் தெருவோரக் கசப்பு ஆரஞ்சு மரங்கள், நம் நாரத்தை இனம்தான், பூக்க ஆரம்பிக்கும். ஊரே மணக்கும். மசூதியின் முற்றத்திலும் அந்த மரங்களை வரிசையாக நட்டு, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் போகத் தரையில் கல்வாய்க்கால் விட்டிருக்கிறார்கள்.

புதன் காலை கிளம்பி வெள்ளி மாலை திரும்பலாம் என்று நினைக்கிறேன். திங்களில் அந்த ஊரின் பழைய அரண்மனை, யூதர் தொழுகைக்கூடம் எல்லாம் மூடியிருக்கும். ஞாயிறன்று திருப்பலிக்காக மசூதியில் இடையில் சில மணி நேரம் பார்வையாளரை விடமாட்டார்கள். மாட்ரிட்டின் அதோச்சா நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் ஒன்றே முக்கால் மணி நேரம். விமான நிலையம்போல் பெட்டியை ஸ்கேன் செய்துதான் நடைமேடைக்கு விடுவார்கள், அதனால் முன்னதாகப் போய்விட வேண்டும். முதல் நாள் மதியம் ஓய்வு, மாலையில் ஆற்றுப்பாலம். ரோமானியர்கள் போட்ட பாலம், பிறகு பலமுறை திருத்திக் கட்டியது. 16 வளைவுகள், இப்போது நடப்பவர்களுக்கு மட்டும். பக்கத்தில் குவாதல்கிவீர் ஆற்றின் ஓரம் ஒரு பெரிய நீர்ச்சக்கரம் நிற்கிறது. அது போடும் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று இசபெல்லா ராணி கழற்றச் சொன்னதாகக் கதை.

வியாழன் காலை 8.30 மணிக்கு மசூதி. திங்கள் முதல் சனி வரை 8.30லிருந்து 9.30 வரை கட்டணம் கிடையாது, குழுக்களும் இருக்காது. 9.30க்கு வெளியே அனுப்பிவிடுவார்கள். அப்பாவுக்கு ஒரு மணி நேரம் போதாது, எனவே வெள்ளிக்கிழமை டிக்கெட் எடுத்து மறுபடி போவோம். 1315-ல் கட்டிய சின்ன யூதர் தொழுகைக்கூடத்தை வியாழனே பார்த்துவிடலாம். 8 கிலோமீட்டர் தள்ளி மதீனா அசஹாரா என்ற பாழடைந்த அரண்மனை நகரம் இருக்கிறது, ஆனால் மலைச்சரிவில் மூன்று அடுக்கு. அதை விட்டுவிடலாம்.

அம்மா, சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே. இங்கே மதியச் சாப்பாடு இரண்டரை மணிக்கு, இரவு ஒன்பதரைக்கு. அதற்கு முன்னால் பல உணவகங்களில் அடுப்பே பற்றவைக்க மாட்டார்கள். உங்களுக்கு அது ஒத்துவராது, அதனால் சமையலறையும் லிப்ட்டும் உள்ள வீடாகப் பார்த்து எடுக்கிறேன். மாட்ரிட்டின் லவாபியேஸ் பகுதியில் வங்கதேசத்துக்காரர் கடைகளில் அரிசி, பருப்பு, கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும், வாங்கி எடுத்துப் போகலாம். சைவம் என்று சொன்னாலும் சாலட்டில் சூரை மீனைப் போட்டுக் கொண்டுவருவது இங்கே வழக்கம். ஒவ்வொன்றையும் நான் கேட்டுத்தான் வாங்குவேன். சால்மொரேஹோ என்று தக்காளி, ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் சேர்த்து அரைத்த குளிர்ந்த கூழ் உண்டு, மேலே தூவும் முட்டையையும் பன்றி இறைச்சியையும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கத்தரிக்காயை மாவில் தோய்த்துப் பொரித்து மேலே கரும்புப் பாகு ஊற்றித் தருவார்கள். நம் பஜ்ஜி மாதிரிதான், பாகு மட்டும் உனக்குப் புதிது. உனக்குப் பிடிக்கும் என்று எழுதி வைத்துக்கொள்கிறேன்.

தெருவில் கூழாங்கல் பதித்திருப்பதால் செருப்பு வேண்டாம், இருவருக்கும் அடிப்பாகம் தடித்த ஷூ வாங்கிப் பழக்கிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் இரண்டிலும் காலாவதித் தேதியைப் பார்த்து, முதல் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மார்ச்சில் ஊரில் ஏதாவது விசேஷம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். தேதி உறுதியானால் ரயில் டிக்கெட்டை உடனே எடுத்துவிடுவேன், தாமதித்தால் விலை ஏறிக்கொண்டே போகும்.

அன்புடன்,
உங்கள் மகள்