பையன் எந்தப் பக்கம் ஆடுவான்?

எல்லையின் இருபுறத்துப் பதினான்கு வயதுக் கால்பந்துத் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். நடந்தது உங்களுக்குத் தெரியும். போன மாதம் தமிழ்நாட்டுப் பக்கத்துக் குழு எங்கள் பையனின் ரேஷன் கார்டைப் பார்த்தது. கேரளக் கார்டு என்று திருப்பி அனுப்பியது. இந்த ஞாயிறு கேரளப் பக்கத்துக் குழு பள்ளிச் சான்றிதழைப் பார்த்தது. பொள்ளாச்சியில் படிப்பவன் அங்கேயே போகட்டும் என்றது. அவன் எந்தப் பக்கம் ஆடலாம் என்று எழுத்தில் தாருங்கள். கோரிக்கை அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். 27 என்று எழுதிய துணியை நான்கு ஊக்குகளால் அவன் முதுகில் குத்தி, பத்து நிமிடம் ஆடவும் விட்ட பிறகுதான் காகிதம் கேட்டீர்கள். கழற்று என்றதும் கோட்டோரம் நின்று, பனியன் கிழியாமல் ஒவ்வோர் ஊக்காக எடுத்து, மூடி, எண்ணிக் கொடுத்தான். மூன்றுதான் இருந்தன. நான்காவது எங்கே என்று உங்கள் ஆள் கேட்டார். கேரள எல்லை ஊரான கொழிஞ்சாம்பாறை வரும்வரை பஸ்ஸில் பையன் வாயே திறக்கவில்லை.

வெளியூர்க்காரனை எடுத்தால் நம் பிள்ளைகளின் இடம் போய்விடும் என்றார் உங்களில் ஒருவர். அதே வாய்தான் காலையில் தேநீர் குடித்தபடி இந்தியக் கால்பந்து அணியின் முன்னாள் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாக்கைப் புகழ்ந்துகொண்டிருந்தது. ஐயா, அவரும் எங்களைப்போல எல்லைக்காரர். பிறந்த மெட்கோவிச், போஸ்னிய எல்லையை ஒட்டிய குரோஷிய ஊர். 1987இல் சிலியில் இளையோர் உலகக் கோப்பையை வென்றபோது அணிந்திருந்தது யூகோஸ்லாவியச் சட்டை. 1998இல் உலகக் கோப்பையில் மூன்றாமிடம் பிடித்தபோது குரோஷியச் சட்டை. இங்கிலாந்தில் டெர்பி கவுண்டிக்குத் தடுப்பாட்டக்காரராக இருந்தார், சொந்த நாட்டு அணிக்குப் பயிற்சி தந்தார், 2019இல் நம்மிடம் வந்தார். 2023இல் இந்தியா உலகத் தரவரிசையில் 99ஆம் இடத்துக்கு ஏறியது. அடுத்த ஜனவரியில் ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டம் ஆடி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஜூனில் அவர் வேலையும் போயிற்று. ஏற்றினாலும் இறக்கினாலும் ஆட்டத்தைப் பார்த்துத்தான் செய்தார்கள். ரேஷன் கடை எது என்று கேட்கவில்லை. வெளிநாட்டிலுள்ள இந்திய வம்சாவளி வீரர்களை ஆடவிடுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், நடக்கவில்லை. அவராவது கடல் தாண்டியவர்களுக்குக் கேட்டார். எங்கள் பையன் தாண்டுவது ஒரு சோதனைச்சாவடியை.

மணக்கடவு வழியாக ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் தமிழ்நாட்டிலிருந்து கேரளப் பக்கம் வர வேண்டும் என்று ஒப்பந்தம் இருக்கிறது. அளந்து குறிக்க ஆளும் இருக்கிறது. தேங்காய் லாரிக்கும் ஒரு சீட்டு உண்டு. கோடையில் செவன்ஸ் என்ற எழுவர் கால்பந்து நடத்துகிறவர்களோ பைக்கில் வந்து இவனை ஏற்றிப் போகிறார்கள்; கோல் விழுந்தால் தோளில் தூக்குகிறார்கள். காகிதம் கேட்கும் ஞானம் அவர்களுக்கு இன்னும் வரவில்லை போலும். மன்னியுங்கள், தண்ணீரும் தேங்காயும் உங்கள் பொறுப்பல்ல.

பள்ளியா, ரேஷன் கார்டா? எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறோம். அடுத்த தேர்வுக்கு முன் இரு குழுவினரும் ஒருமுறை பேசி, ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டுத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதற்கடுத்த தேர்வு வரும்போது அவனுக்கு வயது தாண்டிவிடும்.

இப்படிக்கு,
பையனின் பயிற்சியாளர்

பி.கு.: நான்காவது ஊக்கு பனியனின் உட்புறத்தில் இருந்தது. துவைக்கும்போது அவன் அம்மா கண்டெடுத்தார். இத்துடன் இணைத்திருக்கிறேன்.