கழுகுக்கும் புல்லுக்கும் நடுவே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் மாணவர் பக்கத்தில் உணவுச் சங்கிலிப் படம் ஒன்று வந்திருந்தது. புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு. கழுகிலிருந்து மறுபடி புல்லுக்கு ஓர் அம்புக்குறி. தலைப்பு, 'ஆற்றல் சுழற்சி'. குறை சொல்ல எனக்கும் பெரிய தகுதி இல்லை. இதே வட்டத்தைப் பல வருடம் கரும்பலகையில் வரைந்தவள்தான். "கழுகு செத்துப்போனா புல்லுக்கு வெயில் வேண்டாமா டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்ட அன்றுதான் டஸ்டரைத் தேடினேன்.

சுழல்வது சத்து, ஆற்றல் சுழலாது. வெட்டுக்கிளி தின்ற புல்லில் ஒரு பகுதி எச்சமாக வெளியேறும். செரித்ததிலும் பெரும்பகுதி தாவுவதற்கும் மூச்சுவிடுவதற்கும் செலவாகி வெப்பமாய்ப் போய்விடும். அந்த வெப்பத்தை வைத்து எந்த இலையும் உணவு தயாரிக்க முடியாது. புல்லில் 10,000 கலோரி இருந்தால் வெட்டுக்கிளியின் உடம்பில் சேர்வது 1,000, தவளையில் 100, பாம்பில் 10, கழுகில் 1. இந்த 10 சதவீதம் கணக்குப் போடத் தோதான எண், அவ்வளவுதான். இடத்துக்கு இடம் கூடும், குறையும். ஓர் ஏரியை வருடக்கணக்கில் ஆராய்ந்து இந்த ஆற்றல் ஓட்டத்தைக் கணக்கிட்டவர் அமெரிக்கச் சூழலியலாளர் ரேமண்ட் லிண்டெமன். அவருடைய கட்டுரை 1942இல் அச்சேறும் முன்பே, 26 வயதில் இறந்துபோனார்.

படத்தில் விட்டுப்போனது இன்னொன்று. கழுகின் உடம்பிலுள்ள தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) நேராகப் புல்லுக்குப் போவதில்லை. மரத்தடியில் ஈரச் சருகை ஒரு கை அள்ளிப் பாருங்கள். மேல் இலை முழுசாக இருக்கும். அதற்கடியில் நரம்பு மட்டும் மிஞ்சிய வலைபோல ஒன்று. இன்னும் கீழே, வெள்ளை நூலாய்ப் பூஞ்சை இழைகள் இலைகளை ஒன்றோடொன்று தைத்திருக்கும். மரம் கெட்டிக்காரத்தனமாக, இலை உதிரும் முன்பே அதிலிருந்த தழைச்சத்தில் ஏறக்குறையப் பாதியைக் கிளைக்குத் திருப்பி எடுத்துக்கொள்ளும். மீதியை வேர் உறிஞ்சும் வடிவத்துக்குக் கொண்டுவருவது இந்தப் பூஞ்சையும் பாக்டீரியாவும்தான். அதே சருகைக் கொளுத்தினால் தழைச்சத்து பெரும்பாலும் புகையோடு போய்விடும்.

உங்கள் ஓவியரிடம் சொல்லுங்கள்: சூரியனிலிருந்து உள்ளே ஓர் அம்பு, ஒவ்வோர் உயிரிலிருந்தும் வெப்பமாய் வெளியே ஓர் அம்பு. கழுகுக்கும் புல்லுக்கும் நடுவே கொஞ்சம் மண்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை